ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு பொட்டு

அடுகோடியில் எங்கள் பட்டறை இருக்கும் தெருவில் மற்ற எல்லாமே தரையில் ஓடும் வண்டிகளை நம்பிய தொழில்கள். பக்கத்தில் ஸ்கூட்டர் மெக்கானிக், எதிரே ஆட்டோ சீட் தைப்பவர், முனையில் லாரிப் பட்டை அடிக்கிறவர். நடுவே இருக்கும் நாங்கள் விமானத்துக்குப் பெட்டி செய்கிறோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் நம்பவைக்க முயன்றதில்லை. ஜீவனஹள்ளியில் என் பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருடமாக நான் மிக்சி ரிப்பேர் செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருமுறை அவருடைய மிக்சியைச் சரிசெய்தும் கொடுத்தேன்.

பெட்டி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அலுமினிய உடம்பு. இரண்டு பேர் உட்காரும் சின்னப் பயிற்சி விமானத்தின் எஞ்ஜினில் ஸ்பார்க் பிளக்குக்கு நேரம் தவறாமல் மின்பொறி அனுப்புவது அதன் வேலை. ஸ்கூட்டரிலும் இதே வேலைக்கு ஒரு பெட்டி உண்டு. ஸ்கூட்டர் நின்றால் ஓரம் கட்டலாம், மேலே ஓரம் கிடையாது. அதனால் விமான எஞ்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், மொத்தத்துக்கு இரண்டு பெட்டி. ஒன்று படுத்துவிட்டால் மற்றது இழுத்துக்கொண்டு போகும். எஞ்ஜின் கொஞ்சம் சோர்ந்து ஓடும், விமானி நம்மைத் திட்டிக்கொண்டே இறங்கிவிடுவார். பெட்டி ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பதும் இனிக் கெடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

பட்டறையில் இரண்டு கூடம். முன்கூடத்தில் விமானப் பெட்டி, பின்கூடத்தில் பெட்ரோல் பம்ப்செட்டுக்கான பெட்டி. சோறு பின்கூடத்தால், மரியாதை முன்கூடத்தால் என்று முதலாளி சொல்வார்.

முன்கூடத்தில் கடைசி மேசை ஒரு பெண்ணுடையது. முப்பது வயதைத் தாண்டியவள், தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வந்து போகிறவள். உள்பாகங்களைப் பொருத்தி, மூடியைத் திருகி, கம்பிகளை மாட்டிப் பெட்டியை வெளியே அனுப்பும் வேலை அவளுடையது. அவள் கை பட்ட சாலிடரில் குறை கண்டுபிடிக்க நான் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து தோற்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த லைன் அண்ணா?" என்று கேட்டாள். நானும் தங்கவயல்தான். எங்கள் ஊரில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கு லைன் என்று பெயர். சொன்னேன். அவர்கள் லைனும் எங்கள் லைனும் ஒரே தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டவை. பட்டறையில் எல்லோருக்கும் நான் சார், அவளுக்கு மட்டும் அண்ணா.

ஒருமுறை பட்டறையிலிருந்து சிலரை ஊருக்கு வடக்கே உள்ள ஓடுதளத்துக்கு அழைத்துப் போனோம். விமானம் மேலே ஏறியதும், "அதுல நம்ம பெட்டி இருக்குதாண்ணா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அது வட்டமடித்து இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. திரும்பும்போது வேனில், "எங்க அப்பா ஆயுசு பூரா கீழேயே எறங்கினாரு. நம்ம வேலை மேல போவுது பாருங்க" என்றாள். அவளுக்கு அந்த மேசை என்ன என்பதை நான் அன்றைக்கே தெரிந்துகொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மூடியைத் திருகி முடித்ததும் அவள் ஒரு சின்ன டப்பாவைத் திறப்பாள். உள்ளே சந்தனத்தோடு குழைத்த குங்குமம். மோதிர விரலால் தொட்டு மூடியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைப்பாள். ஆயுதபூஜைக்கு எல்லாப் பட்டறையிலும் எல்லா இயந்திரத்துக்கும் வைப்பதுதான். அவள் வருடம் முழுக்க, ஒவ்வொரு பெட்டிக்கும் வைத்தாள். எங்கள் வீட்டில் பொட்டு, பூஜை எதுவும் கிடையாது. என் தாத்தா காலத்திலேயே மற்றதையெல்லாம் இறக்கிவிட்டுப் புத்தர் படம் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்ட குடும்பம். ஆயுதபூஜை அன்று பொரி, கடலை தந்தால் வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான். அதை யாரும் பெரிதுபடுத்தியதில்லை, நானும்தான்.

பெட்டி வாங்குகிறவர்களிடமிருந்து ஒரு தணிக்கைக் கடிதம் வந்தது. மூடியில் சிவப்புக் கறை இருக்கிறது, நீக்கவும் என்று ஒரு வரி. கடிதத்தோடு அவள் மேசைக்குப் போனேன்.

"மூடி மேல பொட்டு வேணாம்னு எழுதியிருக்காங்கம்மா."

அவள் டப்பாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டாள். "வைக்காம அனுப்பினா மனசு கேக்க மாட்டேங்குது அண்ணா. மேல போற பொருளு."

எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. நின்று யோசித்திருக்கலாம். "சரி, வெளிய தெரியாத எடமாப் பாத்து வச்சிக்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. நான் என் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டே டீ குடிக்கப் போனேன். நம்பாதவன் நம்புகிறவளுக்கு இடம் கொடுத்தான் என்று ஒரு நினைப்பு. எந்த இடம் என்று கேட்கவில்லை. வாரக் கடைசிக்குள் அதை மறந்தும் போனேன்.

மழை தொடங்கியதும் முதல் பெட்டி திரும்பி வந்தது. அடுத்த வாரம் இரண்டு. புகார் ஒன்றேதான்: தரையில் ஒழுங்காக இருக்கிறது, உயரே போனதும் பொறி விட்டுவிட்டு வருகிறது, கீழே இறங்கினால் மறுபடியும் சரியாகிவிடுகிறது. ஓடுதளத்தின் தலைமைப் பயிற்சியாளர் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர். உங்கள் பெட்டி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, மாமனார் எதிரில் மட்டும் யோக்கியன் என்று போனில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது பெட்டிதான் அவர்களை இறக்கிக்கொண்டு வந்தது. இரண்டும் ஒரே நாளில் படுத்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தேவையில்லை.

நான் ஆனையைத் தொலைத்துவிட்டுக் குடத்துக்குள் கைவிட்டுத் தேடினேன். மின்தேக்கிதான் காரணம் என்று வேறு கம்பெனி மின்தேக்கிக்கு மாறினோம். அதிர்வு என்று உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைத் தடிமனாக்கினோம். சூடு என்று பெட்டியை ஓவனில் போட்டு வாட்டி எடுத்தோம், குளிர் என்று ஐஸ் பெட்டியில் வைத்தோம். கொல்லையில் எஞ்ஜினை இரும்புச் சட்டத்தில் பூட்டி நாள் கணக்கில் ஓடவிட்டோம். எதிர்ச் சீட் கடைக்காரர் தையல் மிஷின் சத்தமே தனக்குக் கேட்கவில்லை என்று சண்டைக்கு வந்தார். இதனாலெல்லாம் பெட்டி முன்பைவிட நல்ல பெட்டியாகத்தான் ஆனது. ஆனாலும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

இதில் என் சட்டம் ஒன்று வேலை செய்தது. திரும்பி வரும் எந்தப் பெட்டியையும், கம்பி மாட்டும் இடத்தை மூடும் ரப்பர் மூடிகளைக் கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகுதான் என் மேசையில் வைக்க வேண்டும். எஞ்ஜின் எண்ணெயும் தூசியும் எனக்குப் பிடிக்காது. அந்தச் சட்டப்படி, காரணத்தை ஒவ்வொரு தடவையும் பஞ்சால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை நான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கம்பி மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தில் மயிரிழைபோல ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அச்சில் வார்க்கும்போது விழுந்த கோடு என்று முடிவு கட்டினேன்.

முதலாளிக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது, அப்பா மாநில அரசில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். தமிழ் பேசுவார், முடிவெடுக்கும்போது மட்டும் கன்னடம் வரும். ஐந்தாவது பெட்டி வந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் மாத்திட்டே. ஆளைத்தான் மாத்தல. அந்தப் பொண்ணைப் பின்னாடி அனுப்புப்பா, பம்ப்செட் பெட்டி பண்ணட்டும்."

"அந்தப் பொண்ணு கையில தப்பு இல்லைங்க."

"அப்ப எங்க இருக்கு? கஸ்டமர் ஃபார்ம் அனுப்பியிருக்கான். இனி நடக்காம இருக்க என்ன செஞ்சீங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் என்னத்த எழுதறது?"

ஒரு மாதம் கேட்டேன். கொடுத்தார்.

பட்டறையில் சுவருக்குக் காது உண்டு. அன்று சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போது அவள் என் மேசை அருகே நின்றாள். "அண்ணா, என்னைப் பின்னாடி அனுப்பிடுவாங்களா?"

"காரணம் கெடச்சிட்டா அனுப்ப மாட்டாங்க" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆறாவது பெட்டி கெட்டது. பயிற்சியாளர் பொறுமை இழந்துவிட்டார். உங்கள் ஆட்களிடம் கொடுக்கமாட்டேன், நானே கொண்டுவருகிறேன், என் கண் எதிரில் பாருங்கள் என்றார். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் காற்றை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டகம் வாடகைக்குக் கிடைக்கும். உயரத்தில் இருக்கும் மெல்லிய காற்றை அதில் உண்டாக்கலாம். ஏற்கனவே மூன்று பெட்டிகளை அங்கே சோதித்திருந்தேன். துடைத்த பெட்டிகள், மூன்றும் தேறின. மேம்பாலத்தில் இருபுறமும் கம்பெனி வண்டிகள் நெருக்க, ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். பயிற்சியாளர் முன்பே வந்து, பெட்டியைக் கம்பியோடும் ரப்பர் மூடியோடும் எஞ்ஜினிலிருந்து கழற்றியது கழற்றியபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே வைத்து ஓடவிட்டுக் காற்றை இறக்கினோம். ஆறாயிரம் அடி உயரத்துக்குரிய அளவு வந்தபோது பொறி தடுமாறியது. அவ்வளவு மாதத்தில் முதல்முறையாக என் கண் எதிரில் தடுமாறியது. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை, பக்கத்திலிருந்த அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிறகு காற்றை உள்ளே விட்டு, பெட்டியை வெளியே எடுத்து, கம்பி நுழையும் கழுத்தின் மேலிருந்த ரப்பர் மூடியை உரித்தேன்.

கழுத்தின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. பாதி கருகியிருந்தது.

ஏனு இது, என்ன இது என்று அவர் கன்னடத்தில் கேட்டார். துரு என்று சொல்ல வாயெடுத்தேன். அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் சிவப்புத் துரு ஏது என்று அவருக்குத் தெரியும். குங்குமம் என்றேன். அவர் கொஞ்சம் சிரித்தார், அப்புறம் தன் சட்டைப் பைக்குள் இருந்த சாமி படத்தைத் தொட்டுக்கொண்டார்.

மூடி இல்லாமல் மறுபடியும் உள்ளே வைத்தோம். ஜன்னலைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்தி, பட்டப்பகலில் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். காற்று மெலிய மெலிய, பொட்டிலிருந்து பெட்டியின் உலோக விளிம்புக்கு ஊதா நிறத்தில் ஒரு இழை ஊர்ந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி குறுக்குவழியில் தப்பிக்கொண்டிருந்தது. குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கிறது, மழைக்கால ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். சந்தனம் மரம்தான், நெருப்புப் பட்டால் கரி, கரியில் மின்சாரம் நன்றாகப் போகும். மெல்லிய காற்று அதைத் தடுக்காது. பட்டறையில் எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் ரப்பர் மூடியை மாட்டுவோம். அவளும் அப்போதுதான் பொட்டு வைத்திருக்கிறாள், எந்தச் சோதனையிலும் அது அகப்படவில்லை.

குங்குமத்துக்கு ஒரு சக்தியும் கிடையாது என்று நாற்பத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அதனால்தான் எங்கே வைக்கிறாய் என்று கேட்கவில்லை. அவளை மதித்து விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்தது பொய். ஒன்றுமில்லாத பொருள் எங்கே இருந்தால் என்ன என்ற அலட்சியம்தான் அது. மேம்பாலத்தில் திரும்பி வரும்போது இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை முதலாளி அறையில் விஷயத்தைச் சொன்னேன். காரணம் பொட்டு என்று சொன்னேன். இன்னொன்று சொல்ல இருந்தது, அதற்கு ஒரு வாக்கியமும் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். அவள் வந்து மேசைக்கு இந்தப் பக்கம், எனக்கு ஒரு முழ தூரத்தில் நின்றாள். மேசைமேல் பெட்டி, ரப்பர் மூடி தனியாக.

"இங்க பொட்டு வைக்கச் சொன்னது யாரும்மா?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் சார் வச்சேன்."

"யாரும் சொல்லல?"

"இல்ல சார்."

நான் சும்மா இருந்தேன். பொறிக்கும் பொறிக்கும் நடுவே எத்தனை நேரம் என்று வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பவன், அன்று சும்மா இருந்த நேரத்தை அளக்கவில்லை. பயமாக இருந்தது. பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை என் பெயரில் இருக்கிறது, இருபது வருடத்தில் அதன்மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவள் எனக்காகப் பொய் சொன்னாள், நான் அதை வாங்கிக்கொண்டேன்.

முதலாளி ஃபார்மை இழுத்து அந்தக் கட்டத்தில் எழுதினார். தவறு செய்த ஊழியர் விமானப் பெட்டி வேலையிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டார் என்று எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பினார். அவளைப் போகச் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"வெளிய தெரியாத எடத்துல வைன்னு சொன்னது நாந்தாங்க."

அவர் பேனாவை மூடினார். "இத கொஞ்சம் முன்னாடி சொல்றதுக்கென்னப்பா?"

"இப்ப என் பேரை எழுதி அனுப்புங்க."

"பேடா, வேணாம். உன் பேரை எழுதினா உன்னையும் எடுன்னுவான். அப்புறம் பெட்டிக்குக் கையெழுத்து போடறது யாரு, நானா? அந்தப் பொண்ணுக்கு வேலை எங்கயும் போகல, முன்னாடியிலேருந்து பின்னாடி, அவ்வளவுதானே. ஆயித்து, முடிஞ்சுது, விடு."

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். நேராக வாங்குகிறவர்களுக்கே எழுதியிருக்கலாம். விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அவள் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சாலிடர் கம்பி, இடுக்கி, டிபன் டப்பா, குங்கும டப்பா. பக்கத்தில் போய் நின்று, "முதலாளிகிட்ட சொல்லிட்டேன், நாந்தான் சொன்னேன்னு" என்றேன்.

"எப்ப?"

"நீ வெளிய போனப்புறம்."

இடுக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டே தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. "அன்னைக்கே வைக்காதன்னு சொல்லியிருந்தீங்கன்னா நிறுத்தியிருப்பேன் சார். நீங்க சொன்னா கேட்டிருப்பேன்."

அவள் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு பெட்டிகள் திரும்பி வரவில்லை. கழுத்தைத் துடைத்து, காற்றும் ஈரமும் போகாத பசையைத் தடவி, ரப்பர் மூடியை மாட்டிய பிறகும் ஒருமுறை சோதிப்பது என்று மூன்று வரிகளைச் செய்முறையில் சேர்த்தேன். திரும்பி வரும் பெட்டியை நான் பார்க்காமல் யாரும் துடைக்கக் கூடாது என்று என் பழைய சட்டத்தையும் மாற்றினேன். அடுத்த மழைக்காலம் முழுக்க ஒரு புகார்கூட இல்லை. வாங்குகிறவர்கள் பாராட்டி எழுதினார்கள். கடிதத்தில் என் பெயர் இருந்தது. முதலாளி அதைக் கண்ணாடி போட்டு முன்கூடத்தில் மாட்டினார்.

பின்கூடத்தில் எனக்கு அதிகம் வேலை கிடையாது. இருந்தாலும் தினமும் ஒருமுறை அந்த வழியாகத்தான் போவேன். அவள் அங்கும் அதே கையோடுதான் வேலை செய்கிறாள், பம்ப்செட் பெட்டிக்கு அது ரொம்ப அதிகம். கொஞ்ச நாள் டப்பா கண்ணில் படவில்லை. போன ஆயுதபூஜைக்கு முந்தின நாள் அந்தப் பக்கம் போனபோது அது மேசையில் திறந்திருந்தது. முடிந்த பெட்டி ஒன்று எதிரில் இருந்தது. அவள் மோதிர விரலைக் குங்குமத்தில் தொட்டு, மூடிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நான்கு பேர் இருக்க என்னைக் கேட்டாள்.

"இங்க வைக்கலாமா சார்?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன். மூடியின் ஓரம் எது, கம்பி வெளியே வரும் கழுத்து எது, நடுவில் எத்தனை விரற்கடை என்று பார்த்தேன். பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தேன். அவள் விரல் அதுவரை அந்தரத்திலேயே நின்றது.

"வைக்கலாம்" என்றேன்.